யாருக்காக ஓடுகிறது அந்த டிவி?

"ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்கிறான், கவனமே இல்லை!" மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி சொல்லும் குறை இது. அந்த வயதில் கவனம் சீக்கிரம் சிதறுவது இயல்புதான். விளையாட விளையாடத்தான் அது நீளும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1, 2, 3 வயதுக் குழந்தைகள் 50 பேர் ஒரு மணி நேரம் விளையாடினார்கள். அதில் பாதி நேரம் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி டிவியில் ஓடியது. குழந்தைகள் அவ்வப்போது சில நொடிகளே அதைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் ஒரு பொம்மையோடு ஒன்றி விளையாடும் நேரம் குறைந்துவிட்டது!

ஆகவே, "அவன் பார்க்கவே இல்லையே" என்பது சமாதானம் ஆகாது. பிள்ளையைத் திட்டுவதற்கு முன், யாரும் பார்க்காமல் ஓடும் டிவியை அணைப்பதே நியாயம். ரிமோட் இருப்பது பெரியவர்கள் கையில்தானே!