அளவுகோல் மட்டுமா அறிவு?

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கம் பழைய கிறித்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் வெளியே தெரிகின்றன. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணைக்காக மூழ்கிய ஊர்களின் எச்சம் அவை. தேசப்படத்திலோ அவ்விடம் வெறும் நீலத் திட்டு!

படம் பொய் சொல்கிறதா? இல்லை. எது அறிவு என்று வரைந்தவர் கொண்டாரோ, அதுவே படத்தில் இடம்பெறுகிறது. அளக்க முடிந்ததே அறிவு என்னும் கொள்கை 1950களிலும் 60களிலும் மேனாட்டுப் புவியியலைப் பெரிதும் ஆட்கொண்டது. நிலம் கணக்காயிற்று, அதில் வாழ்ந்தவன் மறைந்தான். நம் பிள்ளையிடம் மேட்டூரைப் பற்றிக் கேளுங்கள். 120 அடி, 93.47 டி.எம்.சி. என்று ஒப்பிப்பான். அது யார் வாழ்ந்த மண் என்று கேளுங்கள், விழிப்பான்.

அளவே வேண்டாம் என்கிறோமா? அந்த அடிக்கணக்கைப் பார்த்துத்தான் தஞ்சை உழவர் குறுவைக்கு நாற்றங்கால் விடுகிறார். அளவு மட்டுமே அறிவு என்பதைத்தான் மறுக்கிறோம்.

'செவிவழிச் செய்தி வெறுங்கதை; புவியியல் ஆகாது' என்பர் சிலர். இமாம் நஸபீ (ரஹ்) அவர்கள் தம் அகாயித் நூலில் அறிவின் வாயில்களை மூன்றாக வகுத்தார்கள்: பழுதற்ற புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு. பலர் வாயிலாக வந்து ஐயத்திற்கு இடமற்று நிற்கும் செய்திக்கு அவர்கள் காட்டிய உதாரணமே, கடந்த கால மன்னர்களும் தொலைதூர நாடுகளும்தாம். புவியியலுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

செய்தியைச் சோதிக்காவிடில் என்னாகும்? ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட், கோனிக்ஸ்பர்க் வட்டாரத்தை விட்டு நெடுந்தொலைவு செல்லாமலே ஏறக்குறைய 40 ஆண்டுகள் புவியியல் போதித்தார். பயணிகள் எழுதியவற்றைக் கொண்டே இந்தியரை வெள்ளையருக்குக் கீழே வைத்தார். அவருக்கு ஏழு நூற்றாண்டுகள் முந்திய அல்பிரூனீயோ, இந்நாடு வந்து, வடமொழி பயின்று, பண்டிதர்களிடம் கேட்டு, கேட்டதைச் சீர்தூக்கி எழுதினார். மலையுச்சியில் நின்று பூமியின் அளவைக் கணித்தவரும் அவரே. அளவும் செய்தியும் அவரிடம் பகைத்துக்கொள்ளவில்லை.

நாம் செய்தது என்ன? அகாயிதை மனனம் செய்தோம். நம் ஊர் மண்ணை அறிய அதைப் பயன்படுத்தினோமில்லை. மூழ்கு முன் அவ்வூர்களைக் கண்ட கண்கள் இன்று அரிதினும் அரிது. இடம்பெயர்ந்த குடும்பத்தார் எச்சமயத்தவராயினும் தேடிச் சென்று கேளுங்கள், பலர் சொல்வதை ஒப்பிடுங்கள், பழைய நில ஆவணங்களோடு வைத்துப் பாருங்கள், எழுதி வையுங்கள். அடுத்த முறை நீர் தாழ்ந்து நந்தியைக் காணச் செல்வோர், கையில் ஒரு குறிப்பேட்டையும் கொண்டு செல்லட்டும்.