உரிமைக் குரலா? உபதேசியின் குரலா?

தில்லியைக் கண்டு நடுங்காத தலைவர், படையே வந்தபோதும் பணியாத வீரர் என்று பிந்தரன்வாலேயைப் போற்றிப் பேசும் இளைஞர்கள் நம்மிடையேயும் உளர். மாநில உரிமை கேட்போர் நாம். எனவே தில்லியை எதிர்த்தவர் எவராயினும் நம்மவரே என்று எண்ணிவிடுகின்றனர். எதிர்த்தார் என்பது மட்டும் போதுமா? எதை வீழ்த்த எதிர்த்தார், எதை அரியணையில் ஏற்ற எதிர்த்தார் என்று கேட்க வேண்டாமா? கேட்பதன்றோ பகுத்தறிவு!

பஞ்சாபின் குறைகள் பொய்யல்ல. மொழிவழி மாநிலம் அம்மக்களுக்கு 1966இல்தான் கிட்டிற்று. தலைநகர் சண்டிகர் தனதாகவில்லை. ஆற்றுநீர்ப் பங்கீட்டிலோ தீராத மனக்குமுறல். 1973இல் அகாலி தளம் அனந்தபூர் சாகிபில் தீர்மானம் நிறைவேற்றியது. பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம் முதலிய சிலவே நடுவணரசிடம் இருக்கட்டும், ஏனைய அதிகாரங்கள் மாநிலத்துக்கே என்றது. 1971இல் இராசமன்னார் குழு தந்த அறிக்கையும், 1974இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய மாநில சுயாட்சித் தீர்மானமும் இதற்கு உடன்பிறப்புகளே. ஆயினும் ஒரு வேறுபாடு. அங்கே மாநில உரிமையும் சமயக் கோரிக்கையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டன. அந்த முடிச்சைப் பற்றிக்கொண்டு மேலேறியவர்தாம் ஜர்னயில் சிங் பிந்தரன்வாலே.

1947இல் ரோடே எனும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். தம்தமி தக்சல் என்னும் சமயப் பாடசாலையில் பயின்று, 1977இல் அதன் தலைவரானவர். மதுவை விடுங்கள், புகையிலையைத் தொடாதீர்கள், முடியை வெட்டாதீர்கள் என்று ஊர் ஊராக உபதேசித்தார். மதுவை விடச் சொன்னதைக் குறைகூற மாட்டோம். ஆனால் அவர் முதலில் தொடுத்த போர் யாரோடு? தில்லியோடு அன்று! உயிருள்ள குருவை ஏற்ற நிரங்காரிகள் என்னும் சிறு பிரிவினரோடு! 1978 ஏப்ரல் 13இல் அமிர்தசரசில் நடந்த அந்த மோதலில் நிரங்காரிகளை எதிர்த்துச் சென்ற சீக்கியர் 13 பேர் மாண்டனர். 1980இல் நிரங்காரித் தலைவர் குர்பச்சன் சிங் சுடப்பட்டார். 1981இல் பத்திரிகை ஆசிரியர் லாலா ஜகத் நாராயண் சுடப்பட்டார். மாற்றுக் கருத்துக்கு மறுமொழி தோட்டா என்பது வழக்கமாயிற்று.

தில்லிக்கு அஞ்சாதவராம்! அகாலிகளை வீழ்த்த 1979 குருத்துவாரா தேர்தலில் அவருக்குக் கைகொடுத்தவர்கள் யார்? காங்கிரசார்! 1980 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் சிலருக்காக வாக்குக் கேட்டவர் யார்? அவரே! தில்லி வார்த்த பால்தான் பின்னர் நஞ்சாகத் திரும்பிற்று.

1982இல் உரிமைப் போராட்டம் தொடங்கிற்று. அதற்கு இட்ட பெயரோ 'தரும யுத்தம்'! உரிமைப் போர் என்றால் எதிரியுடன் பேசலாம், உடன்பாடு காணலாம். தரும யுத்தம் என்றுவிட்டால், எதிரே நிற்பவன் அதருமி. அவனைக் கொல்வதும் புண்ணியம்! 1983 ஏப்ரலில், பொற்கோயிலில் வழிபட்டுத் திரும்பிய காவல்துறை உயரதிகாரி அட்வால் வாயிலிலேயே சுட்டு வீழ்த்தப்பட்டார், அவரும் சீக்கியரே. அக்டோபரில் பேருந்தை மறித்து, இந்துக்களைத் தனியே பிரித்துச் சுட்டனர். திசம்பரில் பிந்தரன்வாலே அகல் தக்தினுள் குடியேறினார், ஆலயம் அரணாயிற்று.

1984 சூனில் தில்லி டாங்கிகளை அனுப்பிற்று. வழிபட வந்த எளியோரும் மடிந்தனர். சீக்கிய நூலகம் எரிந்தது. சூன் 6இல் பிந்தரன்வாலே மாண்டார். அக்டோபர் 31இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் தில்லியில் மட்டும் 2,733 சீக்கியர் படுகொலையானார்கள் என்கிறது அரசின் கணக்கே. அந்த வெறியாட்டம் ஆட்சியாளர் முகத்தில் அழியாத கறை. அதை மறைக்க நாம் வரவில்லை. நாம் கேட்பது, பஞ்சாபுக்குக் கிடைத்தது என்ன என்பதே. 1985 சூலையில் லோங்கோவால் உடன்பாடு கண்டார். ஆகஸ்டில் தீவிரவாதிகள் அவரைக் கொன்றனர். சண்டிகரோ இன்றும் ஒன்றியப் பகுதி!

அந்த உடன்பாட்டில் கையொப்பமிட்ட மற்றவர் இராசீவ் காந்தி. 1991 மே 21 இரவு அவர் குண்டுக்கு இரையான திருப்பெரும்புதூர், எங்கள் பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர். அது வேறு பூசல், வேறு கைகள்; ஆயினும் பாடம் ஒன்றே. அந்தக் குண்டால் ஈழத் தமிழருக்கு ஒரு பிடி மண்ணேனும் கிடைத்ததா? தமிழகத்தில் அவர்கள்பால் பெருகியிருந்த பரிவல்லவா வற்றிற்று!

பஞ்சாபில் போற்றத்தக்க வீரர் இல்லையா? இருந்தார்! சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, கடவுளை மறுத்து, 1931 மார்ச் 23இல் தூக்குமேடை ஏறிய பகத்சிங்! அதே மாதம் 'குடி அரசு' ஏட்டில் பெரியார் அவரைப் பாராட்டித் தலையங்கம் தீட்டினார். அவருடைய நாத்திக நூலைத் தமிழாக்கினார் ஜீவா. 1988இல் அதே மார்ச் 23இல், பஞ்சாபியின் பொதுவுடைமைக் கவிஞர் பாஷைக் காலிஸ்தானியர் சுட்டுக் கொன்றனர். பகத்சிங்கின் வழித்தோன்றலை அவர் நினைவு நாளிலேயே வீழ்த்திய கூட்டமா நமக்கு வழிகாட்டி?

நாமும் தனிநாடு கேட்டோம். 1963இல் பிரிவினைத் தடைச் சட்டம் வந்தபோது, கோரிக்கையைக் கைவிடுகிறோம், அதற்கான காரணங்கள் அப்படியே உள்ளன என்றார் அண்ணா. கோழைத்தனமா அது? 1967இல் கோட்டையைப் பிடித்தது அந்த முடிவு! சுயமரியாதைத் திருமணச் சட்டமும், இருமொழிக் கொள்கையும், தமிழ்நாடு எனும் பெயரும் தந்தது அந்த முடிவு! கோயிலை அரணாக்காமல், துப்பாக்கி ஏந்தாமல் பெற்றவை இவை.

இளைஞனே! உரிமை கேள், உரக்கக் கேள், ஓயாமல் கேள்! ஆனால் அந்தக் கோரிக்கையை எந்த மடாதிபதியின் மடியிலும் வைத்துவிடாதே. அவர் அதை வேதமாக்குவார். வேதமானபின் உன்னையே கேள்வி கேட்க விடமாட்டார்!