காளைக்கும் குலப்பெருமையா?

இறைச்சிக்காக மாட்டு மந்தை வளர்க்கும் ஒருவன் பொலிகாளை வாங்கப் போனால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது சாதாரணக் கேள்வியாகவே தோன்றும். ஆனால் மாட்டு வளர்ப்பில் தேர்ந்தவர்கள் என்று பேர் வாங்கிய இங்கிலீஷ்காரரும் அமெரிக்கரும்கூட இதற்குச் சரியான விடை காணாமல் வெகு காலம் தடுமாறினார்கள் என்றால், அதற்குக் காரணம் அவர்களுக்கு அறிவில்லாமையல்ல. குலப்பெருமையில் இருந்த மயக்கமேயாகும்.

1873-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள நியூயார்க் மில்ஸ் என்னும் ஊரில் ஷார்ட்ஹார்ன் மாடுகள் ஏலம் விடப்பட்டன. அதில் "எட்டாவது டச்சஸ் ஆப் ஜெனீவா" என்ற ஒரு பசு 40,600 டாலருக்குப் போயிற்று. அந்தப் பசுவின் கன்று எவ்வளவு எடை ஏறும் என்பதற்காகவா இந்த விலை? இல்லவே இல்லை. தாமஸ் பேட்ஸ் என்ற இங்கிலீஷ்காரர் வளர்த்த டச்சஸ் குடும்பத்தின் வாரிசு என்பதுதான் அதற்கிருந்த யோக்கியதை. குலம் கெட்டுவிடக் கூடாதென்று உறவுக்குள்ளேயே இணைத்து வந்த அந்தக் குடும்பத்தில் பசுக்கள் சரியாகச் சினை பிடிப்பதில்லை. சினை பிடிக்காததால் உருப்படி குறைந்தது. உருப்படி குறைந்ததால் விலை இன்னும் ஏறிற்று! மனிதரிலும் இப்படியுண்டே என்று வாசகர்கள் சிரிக்கலாம். நாம் மாட்டோடு நிற்போம்.

குலமோகம் தணிந்தபின் அழகுமோகம் வந்தது. 1930, 1940-களில் அமெரிக்கக் கண்காட்சிகளில் ஹெர்போர்டு, ஆங்கஸ் மாடுகளில் கால் குட்டையாய், உடல் கட்டையாய்த் திரண்டிருந்த காளைகளுக்கே பரிசு கொடுத்தார்கள். பிறகு பேர்போன மந்தைகளிலெல்லாம் குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. நெற்றி புடைத்து, வயிறு உப்பி, மூச்சு இரைக்கும் அக்கன்றுகளில் பல வளராமலே செத்தன. இதில் விதியுமில்லை, பூர்வ ஜன்ம பாவமுமில்லை, வெறுங் கணக்குத்தான். குறை, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் கன்று குள்ளமாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கன்று நல்லதுபோலவே இருந்து, குறையைத் தன் சந்ததிக்குக் கடத்தும். அப்படிக் குறை சுமந்த காளையும் பசுவும் கூடினால் சராசரி நான்கு கன்றுக்கு ஒன்று குள்ளம். குறையைச் சுமக்கும் காளை சற்றுக் கட்டையாகத் தெரிந்ததால், பரிசு கொடுத்தவர்கள் தம்மையறியாமல் அதையே பொறுக்கி எடுத்தார்கள் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

அந்நாளில் இதைப் பரீட்சிக்க ஒரே வழி, குறை சுமப்பதாகத் தெரிந்த பசுக்களோடு காளையைச் சேர்த்துப் பார்ப்பதுதான். 16 கன்றுகள் பிறந்து ஒன்றுகூடக் குள்ளமில்லையானால், அக்காளை குறையை ஒளித்து வைத்திருக்க நூற்றில் ஒரு பங்கே இடமுண்டு. கண்காட்சிப் பதக்கம் இதைச் சொல்லுமா?

ஆகவே தராசையும் நாட்குறிப்பையும் நம்பத் தலைப்பட்டார்கள். மாண்டானா மாகாணத்து மைல்ஸ் சிட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் 1930-களிலேயே இவ்வேலை தொடங்கிவிட்டது. பிறந்த எடையைக் குறித்து, பால் மறக்கும்போது மறுபடி நிறுத்து, 205 நாள் வயதுக்குச் சமப்படுத்தி ஒப்பிடுவது இப்போதுள்ள வழக்கம். இளந்தாய்க்குப் பால் குறைவு. அதன் கன்றுக்கு அதற்குத் தக்கபடி எடை கூட்டிக் கொடுக்க வேண்டும். ஒரே பருவத்தில், ஒரே மேய்ச்சலில் வளர்ந்தவற்றையே ஒப்பிட வேண்டும். தீனி போட்டு ஊதிய காளையையும் காட்டில் மேய்ந்த காளையையும் அருகருகே நிறுத்தி எது உயர்ந்தது என்பது தீனிக்குக் கொடுக்கும் பரிசேயாகும்.

காளையில் இத்தனை கவனம் ஏன்? ஒரு பசு வருஷத்துக்கு ஒரு கன்றுதான் ஈனும்; ஒரு காளையோ 25, 30 கன்றுகளுக்குத் தகப்பன். பிறந்த கிடாரிகளையே பசுவாக வைத்துக்கொள்பவனுடைய மந்தையில், மூன்று தலைமுறைக்குப் பின் எட்டில் ஏழு பங்கு கடைசி மூன்று காளைகளின் சொத்துதான். எடை நன்றாயிருந்தும் விந்து கெட்டிருந்தால் பயனில்லை. ஆதலால் வைத்தியரைக்கொண்டு சோதிக்க வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய காளைக்கு விரைப்பையின் சுற்றளவு 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வைத்தியர்களின் கணக்கு. முதல் ஈற்றுக் கிடாரிக்கு, கன்று சிறிதாய்ப் பிறக்கச் செய்யும் காளையே தகும். பசுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வருஷந்தோறும் ஈனாததை மந்தையில் வைத்திருப்பது தர்மமாகலாம், தொழிலாகாது.

எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடக் கூடாது. 2008-ல் ஆங்கஸ் மந்தைகளில் முதுகு வளைந்து, மூட்டு விறைத்துக் கன்றுகள் செத்துப் பிறந்தன. எடைக் கணக்கில் உயர்ந்து, எங்கும் விந்து விற்ற "ஜி.ஏ.ஆர். பிரிசிஷன் 1680" என்ற காளையின் வழியில் அக்குறை பரவியிருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்து ஜோனதன் பீவர் அதைக் கண்டறியும் மரபணுச் சோதனையை அமைத்தார். யார் பிள்ளை யார் என்று எழுதி வைத்த வம்சாவளிப் புத்தகம் அப்போதுதான் உண்மையாக உதவிற்று. எந்தெந்த மாட்டைச் சோதிக்க வேண்டுமென்று அது காட்டிக் கொடுத்தது. இன்று வாலிலிருந்து வேரோடு பிடுங்கிய சில மயிர்களே அந்தச் சோதனைக்குப் போதும். காளைக்கு விலை பேசுமுன் அந்தச் சோதனைக் காகிதத்தைக் கேட்டு வாங்கலாம். விற்பவன் பாட்டன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த பட்டிக்குப் போகலாம்.