கரிசல் காட்டுக்கு ஒரு துப்பாக்கி

அமெரிக்காவில் சிலருக்கு வார விடுமுறையில் மீன் பிடிப்பது பொழுதுபோக்கு. சிலருக்குப் பழைய காரைப் பிரித்து மாட்டுவது. இன்னும் சிலருக்கு வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு ரைஃபிள் செய்வது! குழல் ஒரு கடையில், விசை ஒரு கடையில், கட்டை இன்னொரு கடையில். எல்லாம் வந்து சேர்ந்தபின் பெரிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கும். மேலே என்ன பூச்சு அடிப்பது? நீலக்கருப்பா, பாஸ்பேட் சாம்பலா, செராகோட்டில் பாலைவன மணல் நிறமா?

கோவில்பட்டிப் பக்கத்தில் ஒருவர் இதே வேலையைச் செய்தால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். இது சரியான சட்டம்தான். 2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்ஸோ அபேயைக் கொன்றது கையால் செய்த துப்பாக்கி. அமெரிக்காவிலேயே இப்போது பிடி இறுகியிருக்கிறது. வரிசை எண் இல்லாத "பேய்த் துப்பாக்கி" உதிரிகளின் தொகுப்புகளுக்கு 2022-இல் போட்ட கட்டுப்பாடு செல்லும் என்று 2025 மார்ச்சில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆனால் கரிசல் காட்டில் துப்பாக்கியைப் பற்றி நினைக்கிறவர் யார் என்று பார்க்க வேண்டும். அவர் நிறம் தேடுகிறவர் இல்லை. மக்காச்சோளம் போட்டிருக்கிறவர்.

விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கயத்தாறு எல்லாம் மானாவாரி பூமி. புரட்டாசியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழையை நம்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்கள். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய், மல்லி. மழை ஏமாற்றாமல் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ராத்திரியில் பன்றி இறங்கும். ஒரு கூட்டம் ஒரு ராத்திரி புகுந்தால் போதும். தின்பது கொஞ்சம், மிதித்துச் சாய்ப்பதுதான் அதிகம். "காடு எங்கே இருக்கிறது, பன்றி வருவதற்கு?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் குருமலை இருக்கிறது. அதைவிட, கண்மாய்க்குள்ளும் ஓடைக்கரையிலும் தரிசிலும் அடைந்துபோய்க் கிடக்கிற சீமைக்கருவேலம் இருக்கிறது. பகலில் பன்றிக்கு அதுதான் வீடு. வனத்துறை வரைபடத்தில் அது காடு இல்லை. பன்றி வரைபடம் பார்ப்பதில்லை.

இதற்கு விவசாயி என்ன செய்வார்? சேலையைக் கட்டுவார், தகரம் தட்டுவார், வெடி போடுவார், பரண் போட்டுக் காவல் இருப்பார். இதெல்லாம் பன்றிக்குப் பழகிப்போன பிறகுதான் மூன்று ஆபத்தான வழிகள் வருகின்றன. ஒன்று, கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி. இரண்டு, அவுட்டுக்காய். மூன்று, நாட்டுத் துப்பாக்கி. கம்பியில் பன்றியோடு பக்கத்துத் தோட்டத்து மனிதர்களும் சாகிறார்கள்; சில நேரம் கம்பி கட்டியவரே சாகிறார். அவுட்டுக்காய் ஆடு, மாடு, நாய், யானை என்று எதன் வாயையும் விட்டுவைப்பதில்லை.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏனென்றால் உதிரி, பூச்சு என்கிற கேள்விக்கு உண்மையான அர்த்தம் இங்கேதான் இருக்கிறது.

துப்பாக்கியில் உயிர் குழலில் இருக்கிறது. மருந்து எரிந்து எழும் அழுத்தம் முழுவதையும் தாங்குவது அது. அதற்காகத்தான் தொழிற்சாலையில் அதற்கென்று உள்ள எஃகில் குழல் செய்து, வழக்கமான அளவைவிடக் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துகிறார்கள். மேற்கு வங்கத்து இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தாலும் சரி, பீகாரில் முங்கேர் நகரத்து உரிமம் பெற்ற பட்டறைகளில் செய்தாலும் சரி, இந்தச் சோதனை உண்டு. ஒளித்துச் செய்கிற துப்பாக்கிக்கு இது கிடையாது. கிடைத்த இரும்பு எதுவோ அதுதான் குழல். அது என்ன இரும்பு, எவ்வளவு தாங்கும் என்று செய்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. முதல் சோதனையே வாங்கியவரின் கன்னத்துக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. குழல் வெடித்துக் கையும் கண்ணும் போனவர் ஆஸ்பத்திரியில் "தீபாவளி வெடி" என்றுதான் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொன்னால் அங்கிருந்து நேரே ஜெயில்.

பூச்சு விஷயமும் இப்படித்தான். நீலக்கருப்பு என்பது எஃகின் மேல் வேண்டுமென்றே உண்டாக்குகிற மெல்லிய ஆக்ஸைடு படலம். பாஸ்பேட் பூச்சு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செராகோட் பீங்கான் கலந்த பாலிமர். மூன்றுமே துருவைத் தடுப்பதற்கு. எதுவும் குழலுக்குப் பலம் தராது. வாய்வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கியின் எதிரி வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. கரிமருந்து எரிந்தபின் தங்குகிற கசடு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலை உள்ளிருந்து அரிக்கும். ஏ.கே. 47 போன்ற ராணுவத் துப்பாக்கிகளுக்குக் குழலின் உட்புறம் குரோமியம் பூசுவது அரிப்பும் தேய்மானமும் குறையத்தான். பரணில் சாக்குக்குள் ஒளித்து வைத்த நாட்டுத் துப்பாக்கியை யார் எடுத்துக் கழுவித் துடைப்பார்கள்? ஐப்பசி மழை முழுக்க உள்ளே துரு தின்றிருக்கும். வெளியே பளபளவென்று கருப்பு வார்னிஷ்.

சரி, சட்டப்படி வழியே இல்லையா? இருக்கிறது! இதுதான் வேடிக்கை. அதே 1959 சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையாகவே பயிரைக் காப்பதற்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சட்டம் எழுதியவர்கள் விவசாயியை மறக்கவில்லை. மறந்தது பிறகு வந்தவர்கள். மனு, விசாரணை, போலீஸ் அறிக்கை, கையெழுத்து என்று அலைவதற்குள் சோளம் அறுவடைக்கு வந்துவிடும், மிச்சம் இருந்தால். அப்படியே கிடைத்தாலும் தேர்தல் அறிவித்தால் பெரும்பாலும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி கிடையாது.

இந்த மண்ணுக்கும் துப்பாக்கிக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் திரும்ப எழுப்பினார்கள். ஈட்டியும் நாட்டுத் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு மே மாதம் வரை கும்பினிப் படையை வெளியே நிறுத்தினார்கள். எல்லாம் முடிந்த பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில், சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வந்தது. பாளையங்களில் ஆயுதம் கூடாது, கோட்டை கூடாது. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் அதையே நாடு முழுக்க விரித்தது.

குடகுக்காரர்களுக்கு நடந்தது நேர் எதிர். வெள்ளைக்காரர்களுக்கு விசுவாசமாக இருந்ததால் ஆயுத உரிமத்திலிருந்து அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. அந்த விலக்கு சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்து, 2019-இல் இன்னும் பத்து ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. குடகில் துப்பாக்கிக்குப் பூ வைத்துத் திருவிழாவே உண்டு. அவர்களிடமிருந்து யாரும் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்த்து நின்ற சீமையில் ஒரு மானாவாரி விவசாயி, 1801-இல் பிடுங்கிய அதே ரகத் துப்பாக்கிக்கு இன்றைக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அதற்காக ஊருக்கு ஊர் ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துவிட வேண்டும் என்று சொல்ல முடியுமா? கூடவே கூடாது. சாதிச் சண்டைக்கு அரிவாளே போதுமென்று இருக்கிற மாவட்டம் இது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தால் வரப்புத் தகராறில் பன்றி ஞாபகத்துக்கே வராது. இந்தப் பயத்தைக் கிண்டல் செய்கிறவர்கள் ஊரை அறியாதவர்கள்.

கேரளத்தில் ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். 2022-இல் பயிரை அழிக்கிற பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். சுடுவது யாரோ ஒருவர் இல்லை. ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கிறவர், பெயர் பட்டியலில் இருக்கிறவர். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டசபையில் ஓர் அறிவிப்பு வந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை சுடும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்கள் பலவும் அந்த மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான். ஆனால் ராத்திரி ஒரு மணிக்குப் பன்றி இறங்கினால் வனத்துறை எத்தனை மணிக்கு வரும்?

செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. பஞ்சாயத்துக்கு ஒன்றோ இரண்டோ, சோதனை முத்திரை குத்திய, தொழிற்சாலையில் செய்த துப்பாக்கி. பயிற்சி கொடுத்த, வழக்கு எதுவும் இல்லாத ஒருவர் பெயரில் உரிமம். விதைப்பிலிருந்து அறுப்பு வரை மட்டும் கையில், மற்ற நாளில் காவல் நிலையத்தில். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு. கூடவே கண்மாயில் இருக்கிற சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கிற வேலையும் நடக்க வேண்டும்; அது நடக்காமல் எத்தனை பன்றியைச் சுட்டாலும் அடுத்த கூட்டம் வரும்.

கோவில்பட்டிக்கு இது புதிய பழக்கமும் இல்லை. தீப்பெட்டிக்கு வேண்டிய மருந்து என்ன சாமானியமானதா? உரிமம், ஆய்வு, குடோன் விதி எல்லாம் வைத்து அந்த ஊர் பல தலைமுறையாக அதிலேயே பிழைக்கிறது. விபத்து நடக்காமல் இல்லை. ஆனாலும் யாரும் பரணில் ஒளிந்து தீப்பெட்டி செய்வதில்லை.

இந்தப் புரட்டாசியிலும் விதைப்பு நடக்கும். கார்த்திகையில் கதிர் வரும்போது, உரிமம் கேட்டவரின் மனு இன்னும் மேசையில் இருந்தால், அவர் கையில் என்ன இருக்கும் என்பது மனுவை வைத்திருக்கிறவருக்கும் தெரியும்.