அனுபவித்தவருக்கு ஆராயத் தகுதியில்லையா?

எந்த விஷயத்திலும் உண்மையைக் கண்டறிய வேண்டுமானால் அதில் சம்பந்தப்படாத ஒருவரே அதற்குத் தக்கவர் என்றும், சம்பந்தப்பட்டவர் சொல்வது எத்தனை நியாயமாயிருந்தாலும் அது முறையீடாகுமேயன்றி ஆராய்ச்சியாகாது என்றும் ஓர் அபிப்பிராயம் படித்தவர்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. வாதியே நீதிபதியாக அமரக்கூடாது என்ற நல்ல விதியை எடுத்து, அது பொருந்தாத இடங்களிலெல்லாம் பொருத்திப் பார்த்ததால் வந்த வினை இது. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்கள், தங்களுக்கு நேரும் அவமதிப்பையும் ஒதுக்குதலையும் தாங்களே வினாத்தாளுடன் சென்று கணக்கெடுக்கிறார்கள் என்று சொன்னால், "அவர்கள் அப்படித்தானே சொல்வார்கள்?" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிற கனவான்களை எல்லா ஊர்களிலும் காணலாம். இந்த அபிப்பிராயம் தவறானது. இதனால் விளைந்திருக்கும் தீங்கும் பெரிது.

சம்பந்தமில்லாதவர் கேட்கும் கேள்வி எப்படியிருக்கும் என்பதை முதலில் பார்ப்போம். நம் தேசத்தில் வீடு வீடாகச் சென்று நடத்தப்பெறும் தேசிய குடும்ப நல ஆய்வில் கேட்கப்பட்டு வந்த கேள்விகளுள் ஒன்று, கடைக்காரருக்கு எய்ட்ஸ் கிருமி இருப்பது தெரிந்தால் அவரிடம் காய்கறி வாங்குவீர்களா என்பது. தொற்றுள்ள ஆசிரியை தொடர்ந்து பாடம் நடத்தலாமா, உறவினர் ஒருவருக்கு வந்தால் வீட்டில் வைத்துப் பராமரிப்பீர்களா என்பனவும் அதே வரிசையில் வந்தவை. ஜனங்களின் மனப்போக்கு காலப்போக்கில் மாறுகிறதா என்று அறிய இவை ஓரளவு உதவும்; அதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே பதில் சொல்பவர் யார்? ஒதுக்கக்கூடிய இடத்தில் இருப்பவர், தாம் ஒதுக்கமாட்டோம் என்று தமக்குத் தாமே நற்சான்று வழங்கிக்கொள்கிறார். வாசலில் காகிதத்துடன் நிற்கும் அந்நியரிடம் 'வாங்கமாட்டேன்' என்று சொல்லக் கூசி 'வாங்குவேன்' என்று சொல்லி அனுப்பியவர் மறுநாள் எந்தக் கடைக்குப் போனார் என்பதை யாரும் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை. அந்தக் காய்கறிக் கடைக்காரரையோ ஒருவரும் கேட்கவில்லை. எந்த மாதம் முதல் வாடிக்கை குறைந்தது, மீதிச் சில்லறையை அவர் கையிலிருந்து வாங்காமல் பலகையின்மேல் வைக்கச் சொன்னவர் யார், கடைசியில் கடையைக் காலி செய்யச் சொன்னவர் என்ன காரணம் கூறினார் என்பனவெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வாதி நீதிபதியாகக் கூடாது என்று அஞ்சியவர்கள் பிரதிவாதியை நீதிபதியாக அமர்த்திவிட்டார்கள்.

இந்த அநியாயத்தை முதலில் உணர்ந்தவர்கள் நோயாளிகளே. 1983ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள் சிலர், தங்களைப் பற்றிய தீர்மானங்கள் எடுக்கப்படும் ஒவ்வொரு படியிலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று பிரகடனம் செய்தனர். 1994இல் பாரிஸ் மாநாட்டில் 42 நாடுகளின் அரசாங்கங்கள் அந்தக் கொள்கைக்குக் கையொப்பமிட்டன. சென்னையிலேயே 1997இல் தொற்றுள்ளவர்களின் அகில இந்தியச் சங்கமும், மறு ஆண்டில் தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஒரு சங்கமும் தோன்றின. 2008இல், தொற்றுள்ளவர்களே தொற்றுள்ளவர்களிடம் கேட்டறியும் ஒதுக்கல் குறியீட்டு ஆய்வு உலக அளவில் ஆரம்பமாகி, இன்றைக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கிறது. அந்த ஆய்வின் ரீதியில் ஓர் அம்சம் எனக்கு மிகவும் உகந்தது. கேட்பவர் எதிரே அமர்ந்து விசாரணை செய்வதில்லை. இருவரும் அருகருகே உட்கார்ந்து, ஒரே தாளைப் பார்த்து, சேர்ந்து நிரப்புகிறார்கள். தம்மைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதைப் பதில் சொல்பவர் தம் கண்ணாலேயே காண்கிறார்.

இப்படிக் கேட்கும்போது கிடைக்கும் உண்மை வேறு தரத்தது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) இலவசமாகக் கிடைக்கிறது; ஆகையால் பழைய துன்பம் ஒழிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் தன் ஊருக்கு அருகே ஏ.ஆர்.டி. மையம் இருக்க, அங்கே ஊர்க்காரர் எவராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி, அதைத் தாண்டி இரண்டு பஸ் மாறி அயல் மாவட்டத்துக்குப் போகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். மாத்திரைப் புட்டியின் காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, மாத்திரைகளை வேறொரு டப்பாவில் கொட்டி, அது குலுங்கி ஓசைப்படாதிருக்கப் பஞ்சு அடைத்து வைத்துக்கொள்கிறாள். பஸ் கூலி இல்லாத மாதத்தில் அவளால் போக முடிவதில்லை. வெளியாளின் தாளில் இது 'சிகிச்சைக்கு ஒழுங்காக வராதவர்' என்று பதிவாகும். அதே பஸ்ஸில் போய்வந்த இன்னொரு பெண் கேட்டாலோ, "எந்த மையத்துக்குப் போகிறாய், அக்கா? ஏன் அவ்வளவு தூரம்?" என்ற கேள்வி இயல்பாக எழும், உண்மை முழுவதும் அதன் பின்னால் வரும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று வீட்டில் தினந்தோறும் சொல்லிக்கொள்கிற நாம், ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் மட்டும் அந்த அறிவைத் தள்ளிவைப்பது ஏன்?

இந்த முறையின் பலத்தை நமீபியா தேசத்துச் சம்பவம் ஒன்று நன்கு விளக்கும். அங்கே தொற்றுள்ள இளம் பெண்களின் கூட்டங்களில் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பிரசவத்துக்காக அரசு மருத்துவமனைக்குச் சென்ற இடத்தில் தனக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டுவிட்டதென்று ஒருத்தி சொல்ல, மற்றொருத்தியும் சொல்ல, தொற்றுள்ள பெண்களின் சர்வதேசச் சங்கத்தார் 2008ஆம் ஆண்டளவில் அவற்றை ஒவ்வொன்றாக விசாரித்துப் பதிவு செய்தனர். பிரசவ வேதனையில் இருக்கும்போது காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அறுவையின் பெயர் அதில் மூன்றெழுத்துச் சுருக்கமாக இருந்தது. அதன் பொருளை யாரும் விளக்கவில்லை. அந்த மருத்துவமனைகளில் பதிவேடுகள் இல்லாமலில்லை. படித்த வைத்தியர்களும் இல்லாமலில்லை. பதிவேட்டின்படி சம்மதம் பெறப்பட்டிருந்தது. ஆகவே நடுநிலையாளர் எவருக்கும் அங்கே தேடவேண்டிய அவசியம் தோன்றவில்லை. மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில் 2012இல் உயர் நீதிமன்றமும், 2014இல் உச்ச நீதிமன்றமும், உண்மையான சம்மதம் பெறப்படவில்லை என்று தீர்ப்பளித்தன. எச்.ஐ.வி. காரணமாகவே அது செய்யப்பட்டது என்பது நிரூபணமாகவில்லை என்றும் உயர் நீதிமன்றம் கூறியது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீதி வழங்கியவர்கள் நீதிபதிகளே. ஆனால் அந்தப் பெண்கள் தாங்களே ஒருவரையொருவர் கேட்டறிந்திராவிடில், நீதிபதியின் முன் வைக்க ஒரு வழக்கே இருந்திராது.

எதிர்வாதம் ஒன்றில் மட்டும் சாரம் உண்டு. சங்கத்தில் சேர்ந்தவர்களைச் சங்கத்தவர் தேடிப்போனால், தைரியசாலிகளின் குரலே பதிவாகும். வெளியே வரவே அஞ்சுகிறவர்கள் விடுபட்டுப் போவார்கள் என்கிறார்கள். மெய்தான். அதனாலேயே 2018 வாக்கில் வந்த திருத்திய வினாத்தாளும் முறையும், சங்கத்துக்கு அப்பாலுள்ளவர்களை எட்டும் ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டன. குறை தெரிந்ததும் திருத்திக்கொள்வதுதானே விஞ்ஞானத்தின் தர்மம்? வெளியாரின் ஆய்விலும் அந்த அஞ்சியவர் விடுபடுகிறார். அங்கே அவர் விடுபட்டதே தெரிவதில்லை.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாரபட்சம் காட்டுவதை அது தடுக்கிறது. மாநிலந்தோறும் முறையீடுகளைக் கேட்க ஓர் அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது. மருத்துவமனையில் தம் கேஸ் ஷீட்டின்மேல் சிவப்பு மையில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு கூனிக்குறுகியவர், அந்த அவமானத்தையே மனுவாக எழுதிக்கொண்டு இன்னோர் அலுவலகத்தின் படியேறுவது எளிதன்று. மனுக்கள் வரவில்லை என்பதைக் கொண்டு குற்றம் நடக்கவில்லை என்று முடிவு கட்டுபவர்கள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையங்களின் வாசலில் நிற்பவர்களைக் கேட்கட்டும். கேட்கும் பொறுப்பை அவர்களைப் போன்றவர்களிடமே ஒப்படைக்கட்டும். கேள்விகள் வகுக்கப்படும் மேஜையில் தொற்றுள்ளவர்களுக்கு இடம் வேண்டும். அவர்கள் திரட்டிய விவரங்களை வெளியிடும் உரிமையும் அவர்களிடம் இருக்க வேண்டும். தொண்டு செய்கிறார்கள் என்று சொல்லிப் பயணப்படி மட்டும் தந்து அனுப்பாமல், வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்குக் கொடுக்கும் ஊதியத்தையே அவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.