கடிகாரம் என்று பெயர் வைத்தால் போதுமா?

பைத்தான் நிரல்மொழியின் செந்தர நூலகத்தில், டைம் என்னும் தொகுதிக்குள் 'கிளாக்' என்றொரு செயற்கூறு இருந்தது. 2019-இல் வெளிவந்த 3.8 பதிப்பில் அது நீக்கப்பட்டது. அதை நம்பியிருந்த பழைய நிரல்கள் நின்றுபோயின. ஓடிக்கொண்டிருந்ததை ஏன் கெடுக்க வேண்டும் என்று கேட்பது எளிது. அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

லினக்ஸ் கணினியில் கிளாக், ஒரு நிரலுக்காகச் செயலி உழைத்த நேரத்தைத் தந்தது. விண்டோஸ் கணினியிலோ, முதன்முறை அழைத்தது முதல் வெளியுலகில் கழிந்த நேரத்தைத் தந்தது. பத்து வினாடி வெறுமனே காத்திருக்கும் நிரலை அதைக் கொண்டு அளந்தால், விண்டோஸில் ஏறத்தாழ 10 என்றும் லினக்ஸில் ஏறத்தாழ 0 என்றும் விடை வரும். இரண்டுமே சரியான அளவீடுகள்; அளக்கப்பட்ட பொருள்தான் வேறு. ஒரு மாணவர் தம் மடிக்கணினியில் எடுத்த எண்ணையும் துறைச் சேவையகத்தில் எடுத்த எண்ணையும் ஒரே அட்டவணையில் வைத்தால், எந்தப் படிமுறை விரைவானது என்பதை இயங்குதளமே தீர்மானித்துவிடும். அவர் பொய் சொல்லவில்லை. ஆய்வேட்டில் பொய் ஏறிவிடுகிறது.

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூல் பிரிக்கும். செயற்கூற்றின் பெயரை எல்லோரும் காரணப்பெயராகவே படிக்கின்றனர். காரணம் கணினிக்குக் கணினி மாறுமானால், பொருளற்ற இடுகுறியே அதைவிட மேல். குறைந்தது ஆவணத்தைத் திறந்து பார்க்கவாவது தோன்றும்.

நீக்கியது சரி. நீக்கிய முறையில்தான் குறை. 2012-இல் 3.3 பதிப்பு வந்தபோதே, கழிந்த நேரத்துக்குப் 'பெர்ஃப் கவுண்டர்', செயலி நேரத்துக்குப் 'பிராசஸ் டைம்' எனத் தெளிவான இரு பெயர்கள் வந்துவிட்டன. கிளாக் வழக்கொழிந்ததென ஆவணமும் அறிவித்தது. ஆனால் நிரல் ஓடும்போதே எச்சரிக்கை எழுந்தது 2018-இன் 3.7 பதிப்பில்தான். ஆவணத்தை மறுபடி படிக்காதவருக்கு, ஆறாண்டு அவகாசம் அவகாசமே அன்று.

இப்போது அதே வரிசையில் 'யுடிசிநவ்' நிற்கிறது. உலகப் பொதுநேரத்தைத் தருவதாகச் சொல்லும் அச்செயற்கூறு, அது எந்த நேர மண்டலத்துக்கு உரியது என்னும் குறிப்பைத் தன் விடையில் வைப்பதில்லை. அவ்விடையை 1970 முதல் கழிந்த வினாடிகளாக மாற்றும்போது, பைத்தான் அதை உள்ளூர் நேரமாகவே கொள்ளும். இந்திய நேரத்தில் அமைந்த கணினியில் பிழை ஐந்தரை மணி, அதாவது 19,800 வினாடி. பொதுநேரத்தில் அமைந்த சேவையகத்திலோ பிழையே தெரியாது, சோதனையில் தேறிவிடும். 2023-இன் 3.12 பதிப்பு முதல் இது எச்சரிக்கை தருகிறது. உணர்கருவித் தரவு சேகரிப்போர் அவ்வெச்சரிக்கையை அடக்கிவைப்பது பேதைமை.

கிளாக்கை மாற்றும்போதும் ஒரு கவனம் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எங்கும் பெர்ஃப் கவுண்டர் என எழுதினால், லினக்ஸில் எடுத்த பழைய எண்களோடு புதியவை பொருந்தா. நான்கு இழைகளில் பங்கிட்டு விரைந்து முடிந்த நிரலின் செயலி நேரம், நான்கின் உழைப்பையும் கூட்டியே வந்திருக்கும். பழைய அட்டவணை எந்தக் கணினியில் எடுக்கப்பட்டது என்று தெரியாவிடில், அளவீட்டை முதலிலிருந்து எடுப்பதைத் தவிர வழியில்லை.