மணி அடிப்பதற்கு மாதக் கப்பம்

செல்போனில் அதிகம் பேசாதவர்களும், இன்டர்நெட் பக்கமே போகாதவர்களும் நம் நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பட்டன் போன் வைத்திருப்போர் மட்டும் சுமார் 15 கோடிப் பேர் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயே 2024-இல் கணக்குச் சொல்லியிருக்கிறது. ஊரில் தனியாக இருக்கும் தாயார், இரவுக் காவல்காரர், கட்டட வேலைக்குப் போகும் சித்தாள், பென்ஷன் வாங்கும் முதியவர் ஆகியோர் மாதத்தில் பத்துப் பதினைந்து தடவை பேசினால் அதிகம். மேஸ்திரி கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டும். பாங்கியிலிருந்து செய்தி வந்தால் தெரிய வேண்டும். அவ்வளவுதான் இவர்களுடைய தேவை.

இந்தத் தேவைக்குக் கம்பெனிகள் கேட்கும் தொகை என்ன? 2018 நவம்பரில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 'குறைந்தபட்ச ரீசார்ஜ்' என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தன. அன்று 28 நாளுக்கு 35 ரூபாய். ஏர்டெல்லில் அது 2019 டிசம்பரில் 45 ஆயிற்று. 2021 ஜூலையில் 79. அதே ஆண்டு நவம்பரில் 99. 2023 தொடக்கத்தில் பெரும்பாலான மாநிலங்களில் 155. 2024 ஜூலையில் 199. ஆறே ஆண்டுகளில் ஐந்தரை மடங்குக்கு மேல்! இந்த ஆறு ஆண்டுகளில் எந்தச் சித்தாளின் கூலி ஐந்தரை மடங்கு உயர்ந்தது?

"35 ரூபாய்க்கு இருபத்தாறு ரூபாய்ச் சொச்சத்துக்குத்தான் பேச முடிந்தது, 199 ரூபாய்க்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாமே, 2 ஜி.பி. டேட்டாவும் தருகிறோமே" என்கிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் கேட்டவர் யார்? அரைப்படி அரிசி வாங்க வந்தவளிடம் மூட்டையாகத்தான் விற்போம், மூட்டைக் கணக்கில் பார்த்தால் விலை மலிவு என்று ஒரு மளிகைக் கடைக்காரர் சொன்னால் ஊர் அவரைச் சும்மா விடுமா? இந்தியாவில் டேட்டா மலிவு என்று மந்திரிகள் மேடைதோறும் பெருமை பேசுகிறார்கள். டேட்டாவை அள்ளி அள்ளிச் செலவழிப்பவருக்கு அது மலிவு. தொடாதவருக்கு அது தெண்டம்.

இந்த நிலைமை எப்படி வந்தது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து போயிற்று. பேசியவர் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியில் கேட்டவர் மத்திய மந்திரி சுக்ராம். அந்தக் காலத்தில் பேசுவதற்கும் காசு, கேட்பதற்கும் காசு. 2003 மே மாதத்தில்தான் வருகிற அழைப்பு இலவசமாயிற்று. பேசுகிறவரின் கம்பெனி, கேட்கிறவரின் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இத்தனை பைசா என்று கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகையால் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் வாடிக்கையாளராலும் கம்பெனிக்கு வரும்படி இருந்தது. 2005 டிசம்பரில் 999 ரூபாய் வாங்கிக்கொண்டு 'ஆயுட்காலக்' கார்டு விற்றதன் ரகசியம் இதுதான், தர்மசிந்தையால் அல்ல.

அந்த வரும்படி நிமிடத்துக்கு 14 பைசாவாக இருந்து 2017 அக்டோபர் 1 முதல் 6 பைசாவாகக் குறைந்தது. 2021 ஜனவரி 1 முதல் அடியோடு இல்லை. இதற்கு நடுவே 2016 செப்டம்பரில் ஜியோ இலவச வெள்ளத்தோடு வந்து இறங்கியது. அந்த வெள்ளத்தில் பல கம்பெனிகள் மூழ்கிப் போயின. தமிழ்நாட்டு மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தபோது லட்சக்கணக்கானோர் சிக்னல் இல்லாமல் எண்ணை மாற்றிக்கொள்ள அலைந்ததை மறந்திருக்க மாட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பவை மூன்று தனியார் கம்பெனிகளும், சர்க்காரின் பி.எஸ்.என்.எல்.லும். போட்டி இருந்தபோது கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவரும் 'மதிப்புக்குரிய வாடிக்கையாளர்'. போட்டி ஒழிந்ததும் அவரே பாரம். 'ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் 300 ரூபாய் வர வேண்டும்' என்று ஏர்டெல் தலைவர் சுனில் மித்தல் பகிரங்கமாகவே சொல்லி வந்திருக்கிறார். 2025 மார்ச்சில் முடிந்த காலாண்டில் அந்தக் கம்பெனிக்கு வந்த சராசரி 245. ஆக, இன்னும் ஏற்றுவார்கள் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

2024 டிசம்பர் 23 அன்று டிராய் ஒரு திருத்தம் கொண்டு வந்தது. டேட்டா இல்லாமல், பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் கொண்ட ரீசார்ஜ் ஒன்றையாவது ஒவ்வொரு கம்பெனியும் விற்க வேண்டும் என்றது. அதிகபட்சக் காலவரம்பை 90 நாளிலிருந்து 365 நாளாக்கியது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் விலை வைக்கும் அதிகாரம் கம்பெனிகளிடமே இருக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள்? ஏர்டெல்லில் 84 நாளுக்கு 6 ஜி.பி.யுடன் 509 ரூபாயாக இருந்த திட்டத்தில் டேட்டாவை எடுத்துவிட்டு 499 என்று 2025 ஜனவரியில் விலை போட்டார்கள். 6 ஜி.பி.யின் மதிப்பு பத்தே ரூபாய்! அதே கம்பெனியில் 1 ஜி.பி. தனியாக வாங்கிப் பாருங்கள், அப்போது தெரியும் மதிப்பு. ஆட்சேபம் கிளம்பிய பிறகு 469-க்கு இறங்கினார்கள். ஜியோவும் 458-இலிருந்து 448-க்கு வந்தது. இந்தக் குறைப்பு கூச்சலுக்குக் கிடைத்த பலன் என்பதை மறக்கக் கூடாது.

சரி, குறைவாகப் பேசும் ஒருவர் கையிலிருக்கும் காசுக்கு எதை எடுப்பது? நமக்கு வந்த கடிதங்களில் பல இதைத்தான் கேட்கின்றன. கீழே சொல்லும் விலைகள் 2025 ஆண்டின் தொடக்கத்தில் இருந்தவை; கடையில் கொடுக்குமுன் ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

28 நாள் திட்டம் என்பதே ஒரு தந்திரம். மாதத்துக்கு ஒன்று என்று மனம் கணக்குப் போடும். உண்மையில் ஆண்டுக்குப் பதின்மூன்று தடவை கட்ட வேண்டும். 199 ரூபாய் வீதம் 2,587 ரூபாய். அதே ஏர்டெல்லில் பேச்சுக்கு மட்டுமான 365 நாள் ரீசார்ஜ் 1,849. வித்தியாசம் 738 ரூபாய். ஜியோவில் 336 நாளுக்கு 1,748. நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் இருபது பைசா. அங்கேயே 189 ரூபாய் போட்டு 28 நாள் வாங்குகிறவர் நாளுக்கு ஆறே முக்கால் ரூபாய் கொடுக்கிறார். பி.எஸ்.என்.எல்.லில் 90 நாளுக்கு 439. அதாவது நாளுக்கு ஐந்து ரூபாய்க்கும் கீழே. இதில் ஓர் அநியாயம் ஒளிந்திருப்பதைப் பாருங்கள்: மொத்தமாக 1,849 ரூபாயை எடுத்து வைக்க முடிந்தவருக்கு மலிவு, அன்றாடம் கூலி வாங்கித் தின்பவருக்குக் கூடுதல் விலை. சில்லறையில் வாங்கும் ஏழைதான் என்றைக்கும் அதிக விலை கொடுக்கிறான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதற்கு ஒரு வழியைச் சில இடங்களில் சங்கத் தோழர்களிடம் யோசனையாகச் சொல்லி வருகிறோம். பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் 155 ரூபாய்ச் சீட்டுப் போட்டால் 1,860 சேரும். மாதம் ஒருவருக்கு ஓராண்டு ரீசார்ஜ் எடுத்துவிடலாம். முதல் ஆண்டில் கடைசிச் சீட்டுக்காரர் சீட்டையும் கட்டி ரீசார்ஜும் போட வேண்டியிருக்கும், அது சுமைதான். ஆகையால் கையில் காசு குறைந்தவருக்கு முதல் சீட்டு என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

ஆனால் மலிவு என்று கேள்விப்பட்டதும் ஓடிப் போய் சிம்மை மாற்றிவிடக் கூடாது. கையிலிருக்கும் போன் எது என்று முதலில் பார்க்க வேண்டும். ஜியோவில் 2ஜி கிடையாது. பழைய பட்டன் போனில் அந்த சிம் செத்த சிம்தான். 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் போனுக்கு 28 நாளுக்கு 123 ரூபாய்த் திட்டம் உண்டு, விலை குறைவுதான். ஆனால் அந்தத் திட்டம் அந்தப் போனுக்கு மட்டுமே. அடுத்தது சிக்னல். வீட்டுக்குள்ளும் வேலை செய்யும் இடத்திலும் எது எடுக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் போதும். விளம்பரப் படத்தைக் கேட்க வேண்டாம். எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரியிலிருந்து இருக்கிறது. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். 'உங்கள் ரீசார்ஜில் எஸ்.எம்.எஸ். கிடையாது' என்று சொல்லி இந்த ஒரு எஸ்.எம்.எஸ்.ஸைத் தடுக்கக் கூடாது என்று டிராய் 2021 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. மாறும்போது மிச்சமிருக்கும் பாக்கித் தொகையும் நாள்களும் போய்விடும். ஆகவே காலம் முடியும் தறுவாயில் மாறுவதே புத்திசாலித்தனம்.

20 ரூபாய் இருப்பு வைத்திருந்தால் போதும், எண் போகாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. 2013-இல் டிராய் போட்ட விதி அது: 90 நாள் பயன்படுத்தாவிட்டாலும் 20 ரூபாய் இருந்தால் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. விதி நல்ல விதிதான். ஆனால் அது பயன்படுத்தாத இணைப்பைப் பற்றிப் பேசுகிறது. கம்பெனிகளோ 'திட்டத்தின் காலம் முடிந்தது' என்று வேறொரு வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. இதை நம்பி அசட்டையாக இருந்துவிட வேண்டாம் என்று எச்சரிக்கிறோம். துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். பாங்கிக் கணக்கும் ஆதாரும் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்தால் கதி என்ன? எண்ணை விடுவதானால் முதலில் பாங்கிக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டுத்தான் விட வேண்டும்.

இங்கேதான் பிரச்னையின் ஆணிவேர் இருக்கிறது. செல்போன் சௌகரியப் பொருள் என்ற காலம் போய்விட்டது. பென்ஷனுக்கு எண் கேட்கிறார்கள், காஸுக்கு எண் கேட்கிறார்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் எண் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். அந்தப் பணம் வந்து விழுந்த சேதியைத் தெரிந்துகொள்ள ஒரு ஏழைப் பெண் 199 ரூபாயைக் கம்பெனிக்கு அழ வேண்டுமென்றால், அந்த 1,000-இல் ஐந்தில் ஒரு பங்கு யாருக்குப் போகிறது? சர்க்கார் ஒரு கையால் எண்ணைக் கட்டாயமாக்குகிறது. மறு கையால் விலையைக் கம்பெனியின் இஷ்டத்துக்கு விடுகிறது. போதாக்குறைக்கு அந்த 199-இல் 30 ரூபாய்க்கு மேல் ஜி.எஸ்.டி.யாக அதே சர்க்காரின் பெட்டிக்கே போகிறது.

பி.எஸ்.என்.எல். விஷயத்தில் நமக்கு வருத்தமும் உண்டு, கோபமும் உண்டு. 2024 ஜூலையில் தனியார் விலையேற்றியபோது அந்த ஒரே மாதத்தில் 29 லட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாக அங்கே சேர்ந்தார்கள். மக்கள் நம்பி வந்தார்கள். ஆனால் 4ஜி எங்கே? தனியார் கம்பெனிகள் 5ஜிக்கே போய்விட்ட பிறகு, 2025 செப்டம்பர் 27 அன்றுதான் பி.எஸ்.என்.எல்.லின் சொந்த 4ஜி தொடங்கி வைக்கப்பட்டது. 2020-இல் 78,000-க்கு மேற்பட்ட ஊழியர்களை 'விருப்ப ஓய்வு' என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு, கோபுரம் பழுதானால் பார்ப்பதற்கு ஆள் எங்கிருந்து வரும்? வந்த மக்களில் பலர் சிக்னல் இல்லாமல் திரும்பிப் போனார்கள். இப்போது பி.எஸ்.என்.எல்.லும் விலையைத் தொடாமல் நாளைக் குறைக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டிருக்கிறது. 107 ரூபாய்க்கு 35 நாள், 200 நிமிடம், 3 ஜி.பி. என்றிருந்தது ஏழைகளுக்கு உகந்த திட்டம். 2025-இல் அதன் நாள்களை 30-க்கும் கீழே வெட்டிவிட்டார்கள். தனியாரைப் பார்த்துப் பொதுத்துறை கெட்டுப்போகக் கூடாது.

வருகிற அழைப்பும், பாங்கி மற்றும் சர்க்கார் செய்திகளும் தடையின்றி வர, ஆண்டுக்கு ஒரு சிறு தொகை. பேசினால் பேசிய அளவுக்கு மட்டும் காசு. இப்படி ஒரு திட்டத்தை எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று டிராய் உத்தரவிட வேண்டும். விலைக்கு உச்சவரம்பு கட்ட முடியாது என்று ஆணையம் சாக்குச் சொல்லலாம். கட்டண நிர்ணயத்தைக் கம்பெனிகளிடம் விட்டது ஆணையம் தானே வகுத்துக்கொண்ட கொள்கை. வானத்திலிருந்து விழுந்த சட்டமல்ல. அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத இடம் ஒன்று உண்டு. பி.எஸ்.என்.எல். மத்திய சர்க்காரின் சொத்து. 107 ரூபாய்க்கு மறுபடியும் 35 நாளைக் கொடுக்க எந்த ஆணையத்தின் அனுமதியும் தேவையில்லை. மந்திரி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.